நாக்குகள் மடங்கிய பக்கம்

நாகநாதன் பட்டறைக்கு வந்தால் யாருக்கும் எதிரே உட்கார மாட்டார். சத்யப்பிரியாவின் முதுகுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் திரை முழுசாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அவளுடைய செல்போன் மேசையில் கிடந்தால், "அதக் கவுத்து வையித்தா" என்பார். படம் வரைந்து முடிந்ததும், "இத அழிச்சிருவியா?" என்று கேட்பார். அழித்துவிட்டால் அப்புறம் எதைப் பார்த்துத் தகடு வெட்டுவது என்று அவள் திருப்பிக் கேட்டால், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல்லும் மிளகாயும் போடுகிற சம்சாரி அவர். கண்மாய்ப் பாசனத்தில் நல்ல நிலம். பட்டறைக்கு அவர் கொண்டுவந்ததெல்லாம் பழைய நாட்காட்டி அட்டையில் வெட்டிய துண்டுகள். ஒரு வாரம் ஒரு துண்டு, அடுத்த வாரம் இன்னொன்று. இந்த அளவுக்கு ஒரு பெட்டி, இந்த அளவுக்கு ஒரு கதவு என்று தனித்தனியாக வரையச் சொன்னார். என்னத்துக்கு என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"நாம களவாண்டுட்டுப் போயிருவம்னு நெனக்கிறாரு போல, அக்கா" என்றாள் கவிப்ரியா, அவர் போனபிறகு.

கவிப்ரியா சத்யப்பிரியாவுக்கு அடுத்த மேசை. கடலாடிப் பக்கத்துப் பெண். தாய் தகப்பன் இருவரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவர்கள். பாலிடெக்னிக் முடித்த கையோடு இங்கே வந்தவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது சத்யப்பிரியாதான். சத்யப்பிரியாவுக்குத் திருப்புல்லாணி. வீட்டில் நிலம் உண்டு, டிராக்டர் உண்டு. சம்பளத்துக்காக அல்ல, பிடித்துப்போய்தான் வேலைக்கு வருகிறாள் என்று அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

பட்டறை ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில் இருந்தது. முதலாளி வாவு முகம்மது. விசைப்படகுகளுக்கு ஐஸ் பெட்டி, பள்ளிக்கூடங்களுக்குப் பீரோ, ஓட்டல்களுக்குச் சமையல் மேடை என்று தகட்டில் செய்ய முடிந்த எல்லாம் அங்கே செய்வார்கள். பெட்டியை முதலில் கம்ப்யூட்டரில் முழுசாகக் கட்டி நிறுத்த வேண்டும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் அது மூட்டு மூட்டாகப் பிரிந்து தரையில் விரித்த சேலை மாதிரி படுத்துவிடும். மடிக்கும்போது தகடு எவ்வளவு இழுபடும் என்பதை அந்த மென்பொருளே கணக்குப் பண்ணிக் கழித்துக்கொள்ளும். அந்த விரித்த படத்துக்குப் பட்டறையில் 'ஃப்ளாட்' என்று பேர். ஃப்ளாட்டை மதுரையில் ஒரு லேசர் கட்டிங் கடைக்கு அனுப்புவார்கள். அவர்கள் தகட்டை அதன்படி வெட்டி, மடிக்க வேண்டிய இடங்களில் மெல்லிய கீறல் போட்டு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதை அய்யப்பன் பெண்டிங் மெஷினில் வைத்து, கம்ப்யூட்டரில் இருக்கும் முழு மாடலைப் பார்த்துப் பார்த்து மடிப்பான்.

நாகநாதனின் துண்டுகள் சத்யப்பிரியாவை உறுத்திக்கொண்டே இருந்தன. கடலோர ஊரில் மறைவாக ஒருவர் பெட்டி செய்கிறார் என்றால் மனசு நல்லதை நினைக்குமா? பெட்டிக்குள் அடியில் ஒரு பொய்த்தட்டு வேறு இருந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெற்றிடம். எதை ஒளித்து வைக்க? ஒருநாள் அவர் வராத நேரமாகப் பார்த்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபைலில் கொண்டுவந்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு அடுப்பு, அதிலிருந்து ஒரு குழாய், பொய்த்தட்டுக்கு அடியில் காற்று ஓட வழி, மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள்.

"அக்கா, இது மிளகா காயப்போடுற பெட்டி" என்றாள் கவிப்ரியா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "சீமைக்கருவேல வெறக எரிச்சா சூடு மட்டும் உள்ள வரும். பொக வெளிய போயிரும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். இதற்கா இத்தனை மர்மம்?

அடுத்த தடவை நாகநாதன் வந்தபோது திரையில் முழுப் பெட்டியும் நின்றது. அவர் முகம் செத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

"முன்னாடி ஒருக்க களை எடுக்குற கருவி ஒண்ணு நானா யோசிச்சுச் செஞ்சேன். செஞ்சு குடுத்த பட்டறக்காரன் அதுல பத்துச் செஞ்சு வித்துப்புட்டான். எங்கிட்டயே வந்து ஒண்ணு வாங்கிக்கிறீகளான்னு கேட்டாம்த்தா."

"நாங்க அப்பிடிச் செய்ய மாட்டம், பெரியப்பா."

"அவனும் இப்பிடித்தான் சொன்னான்."

என்றாலும் அன்றிலிருந்து கதவு திறந்தது. என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். காற்று அடுப்புப் பக்கமே மேலே ஏறிவிடும், தூரத்து மிளகாய்க்குப் போகாது என்பதுதான் அவருடைய தலைவலி. அதற்கு வழி சொன்னது கவிப்ரியா. பொய்த்தட்டில் வரிசையாகச் சிறு நாக்குகள், அதாவது மூன்று பக்கம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள். அடுப்புக்குக் கிட்டத்தில் இருக்கும் நாக்குகளை மேல்பக்கம் மடக்கிவிட்டால் காற்று அடியில் தடையில்லாமல் ஓடும். தூரத்தில் இருப்பவற்றைக் கீழே மடக்கினால் ஓடிவரும் காற்றை அவை மறித்து மேலே தள்ளும். மாதிரிக்கு ஒன்று மடித்து, சாம்பிராணிப் புகை போட்டுச் சோதித்தார்கள். புகை எல்லா ஓட்டையிலும் ஒன்றுபோல எழுந்தது. நாகநாதன் கவிப்ரியாவைப் பார்த்து, "எந்த ஊருத்தா நீயி?" என்று முதல் தடவையாக விசாரித்தார்.

மாசியில் முதல் பெட்டி அவர் காட்டுக்குப் போயிற்று. அந்த வருஷம் மாசி மழை பிடித்து, களத்தில் காயப்போட்ட முண்டு மிளகாய் ஊர் முழுக்கச் சோடையடித்துப் பூஞ்சை பூத்தது. நாகநாதன் பெட்டியில் காய்ந்தது மட்டும் ரத்தச் சிவப்பாக வெளியே வந்தது. சொந்தபந்தத்தில் நாலு பேர் கேட்டார்கள். இன்னும் சில பெட்டிகளுக்கு வேலை வந்தது. வாவு முகம்மது எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

பங்குனி பிறந்து சில நாளில் நாகநாதன் பட்டறைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். யாரோ அனுப்பிய ஒரு போட்டோவைச் செல்போனில் நீட்டினார். கடலாடியில் ஒரு விவசாயக் கருவிக் கடை வாசல். அங்கே அவருடைய பெட்டி நின்றது. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"கதவப் பாருங்க. கைப்பிடியப் பாருங்க. அடுப்புக் கழுத்தப் பாருங்க. எம் பெட்டி எப்பிடி அங்கன போச்சு?"

வாவு முகம்மது எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார். அய்யப்பன் சத்தியம் பண்ணினான். கவிப்ரியா தலையை ஆட்டினாள். சத்யப்பிரியா தன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். நாகநாதன் யாரையும் நம்பவில்லை. கிளம்பும்போது வாசலில் சத்யப்பிரியாவைத் தனியாக நிறுத்தினார்.

"அந்தச் சின்னப் புள்ள எந்த ஊருன்னு சொல்லுச்சு?"

"கடலாடிப் பக்கம்."

"யாரு வீட்டுப் புள்ள?"

சத்யப்பிரியா சொன்னாள்.

"கூலி வீட்டுப் புள்ளையா" என்றார் அவர். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை. சத்யப்பிரியா அதற்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

அன்றிலிருந்து அவள் கண் பக்கத்து மேசையிலேயே கிடந்தது. இத்தனை நாள் கவனிக்காததெல்லாம் இப்போது தென்பட்டது. கவிப்ரியா செல்போன் மணியடித்தால் எழுந்து ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ப் பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது. சத்யப்பிரியா தண்ணீர் குடிக்க எழுந்து அந்தப் பக்கம் போனால் திரையில் இருந்தது சட்டென்று மறைந்து வேறொன்று வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போக, கவிப்ரியா மட்டும் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். சாயங்காலம் கிளம்பும்போது பென்டிரைவைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பையின் உள்ளறையில் வைத்தாள்.

பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றுவானேன்?

கடலாடிப் பெண். கடலாடிக் கடை. நாக்குகளின் சூட்சுமம் தெரிந்தவள். சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு, எதைக் கொடுத்தாலும் தின்று கொழுக்கும். கவிப்ரியா புதுச் செருப்புப் போட்டு வந்தாள், அதையும் தின்றது. ஒருநாள் அவள் பேசாமல் இருந்தாள், அதையும் தின்றது. மறுநாள் சிரித்துப் பேசினாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சியாகத் தோன்றியது.

கவிப்ரியா பின்கட்டுக்குப் போயிருந்த சமயம் சத்யப்பிரியா அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். சமீபத்தில் திறந்த ஃபைல்கள் என்னென்ன என்று பார்த்தாள். மிளகாய்ப் பெட்டியின் முழு மாடல் மறுபடி மறுபடி திறக்கப்பட்டிருந்தது. எல்லாமே சாப்பாட்டு நேரத்தில்.

நேராக எழுந்துபோய் முதலாளியிடம் சொன்னாள்.  சொல்லி முடித்ததும் மனசுக்குள் ஒரு தெளிச்சல் வந்தது. அந்தத் தெளிச்சலை அவள் பிற்பாடு நினைத்துப் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று.

வாவு முகம்மது கவிப்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "அந்த பென்டிரைவுல என்னம்மா இருக்கு?"

"நான் வரஞ்சு பழகுன படம் சார்."

"மிளகா பொட்டியா?"

"ஆமா. அதப் பாத்துப் பாத்து நானா முதல்ல இருந்து வரஞ்சு பழகுனேன்."

"என்னத்துக்கு?"

கவிப்ரியா பதில் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பதில் சொல்லாதவள் குற்றவாளி என்று அங்கிருந்த எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"வெவரம் தெரியிற வரைக்கும் வீட்டுல இரும்மா" என்றார் வாவு முகம்மது. அவருக்குச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கவிப்ரியா மேசைக்கு வந்து பையை எடுத்தாள். பென்டிரைவை எடுத்துத் திரைக்கு முன்னால் வைத்தாள். பிறகு சத்யப்பிரியாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லித்தான் கேக்குறாகளாக்கா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது கவி" என்றாள் சத்யப்பிரியா.

கவிப்ரியா தலையை அசைத்துவிட்டுப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

அவள் போனால் சந்தேகமும் அவளோடு போய்விடும் என்று சத்யப்பிரியா நம்பியிருந்தாள். அது பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது. முதலாளி கம்ப்யூட்டர்களின் பாஸ்வேர்டை மாற்றினார். காலையில் அவரே வந்து திறந்துகொடுத்தார், சத்யப்பிரியாவுக்கும்தான். நாகநாதன் பழையபடி முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். அய்யப்பன் தகட்டை மடித்து வைத்துவிட்டு, "எண்ணிப் பாத்துக்கங்க, அப்பறம் என்னய எதுவும் சொல்லாதீக" என்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டு அவளுக்குச் சுருக்கென்றது.

அந்த நாட்களில்தான் பட்டறை போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் குரல். கவிப்ரியா என்பவர் அங்கே வேலை பார்க்கிறாரா, ஷீட் மெட்டல் வேலை எப்படிச் செய்வார் என்று விசாரித்தது. சத்யப்பிரியாவுக்குத் திக்கென்றது. மாடலை வாங்கியவர்கள் மேற்கொண்டு ஏதோ கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று தோன்றியது.

"அவங்கள நிறுத்தி வச்சிருக்கு" என்றாள். "ஒரு ஃபைல் வெளிய போன விஷயமா."

 நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். யார், எந்தக் கம்பெனி என்று அவள் கேட்கவே இல்லை.

நாகநாதன் சும்மா விடுகிற ஆள் இல்லை. கடைக்காரனை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும், அந்தப் பெட்டி தன் பெட்டிதான் என்று பிடித்துக் காட்டப் படம் வரைந்தவளே வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு காலையில் வாவு முகம்மது தன் காரை எடுத்தார். நாகநாதன் முன்னால், சத்யப்பிரியா பின்னால். உத்திரகோசமங்கை தாண்டி இரண்டு பக்கமும் மிளகாய்க் காடுகள். பெண்கள் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் வாட்டசாட்டமான ஆள். கொஞ்சமும் பதறவில்லை.

"மதுரைலேர்ந்து வந்துச்சு. பில்லு வச்சிருக்கேன். வேணும்னா தொறந்து பாத்துக்கங்க."

சத்யப்பிரியா கதவைத் திறந்தாள். கதவு சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் லொடலொடவென்று ஆடியது. தகட்டை விரலால் தட்டினாள். சத்தமே சொல்லியது, மெல்லிசு. அவர்களுடைய பெட்டிக்கு அவள் கொடுத்த கனத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட. அதே ஃப்ளாட்டை மெல்லிய தகட்டில் வெட்டி மடித்தால் ஒவ்வொரு மடிப்பிலும் வெளி அளவு கொஞ்சம் கொஞ்சம் குறைந்துபோகும். முழு மாடல் கையில் இருந்திருந்தால் கனத்தை மாற்றினாலே போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகியிருக்கும். 

தட்டுகளை உருவிக் கீழே வைத்தாள். பொய்த்தட்டு தெரிந்தது. குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தாள்.

எல்லா நாக்குகளும் கீழ்ப்பக்கமே மடங்கியிருந்தன. கிட்டத்தில் இருந்ததும், தூரத்தில் இருந்ததும்.

அவள் அப்படியே மண்டிபோட்டபடி இருந்தாள். வாவு முகம்மது, "என்னம்மா?" என்று குனிந்தார்.

"சார், இத மடிச்சவனுக்கு நாக்கு எந்தப் பக்கம் மடங்கணும்னு தெரியல."

"தெரியலன்னா?"

"ஃப்ளாட்ல மடிப்புக் கோடு மட்டுந்தான் இருக்கும். மேலயா கீழயான்னு இருக்காது. நம்ம அய்யப்பன் மாடலப் பாத்து மடிப்பாரு. இவுக மாடலப் பாக்கல. பாத்திருந்தா இப்பிடிச் செஞ்சிருக்க மாட்டாக. ஃப்ளாட் மட்டும்தான் இவுக கைக்குப் போயிருக்கு."

"நம்ம ஃப்ளாட் யாருகிட்டப் போவுது?"

"வெட்டுற கடைக்கு." அவள் குரல் இறங்கியது. "நான்தான் அனுப்புனேன் சார். மொத்தப் பொட்டியும் ஒரே மெயில்ல. எது எதோட சேரும்னு பேரு போட்டு அனுப்புனேன்."

நாகநாதன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அந்தப் புள்ள எடுக்கலையா?" என்றார்.

"அவ எடுத்திருந்தா நாக்கு சரியா மடங்கியிருக்கும், பெரியப்பா. அத யோசிச்சதே அவதான்."

போட்டோவைப் பார்த்த அன்றே இந்தக் கதவைத் திறந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. ஆளைத்தான் பார்த்தாள்.

கடைக்காரர் தன்பாட்டுக்குப் புலம்பினார். ஏற்கனவே விற்றவற்றில் ஒரு பக்கம் கருகுகிறது, ஒரு பக்கம் காயவில்லை என்று ஆட்கள் வந்து சண்டை பிடிக்கிறார்களாம். வாவு முகம்மது மதுரைக் கடைக்குப் போன் போட்டார். அவர்கள், எங்களுக்கு எதுவும் தெரியாது, வெட்டிக்கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டு, "இனிமே திருச்சில வெட்டிக்கிருவோம்" என்றார். பிறகு சத்யப்பிரியாவைப் பார்த்து, "அந்தப் பிள்ள வீடு இங்கன பக்கம்தான?" என்றார்.

கவிப்ரியாவின் வீடு ஒரு சிறு கிராமத்தின் கடைசித் தெருவில் இருந்தது. கார் தெருமுனையில் நின்றது. வாவு முகம்மதும் சத்யப்பிரியாவும் இறங்கினார்கள். நாகநாதன் இறங்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கவிப்ரியாவின் அய்யா வேல்சாமி வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. கவிப்ரியா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். காட்டு வேலைக்குப் போகிற சேலை, மேலே தகப்பனின் பழைய சட்டை. விரல்களில் மிளகாய்ப் பழச் சாயம்.

வாவு முகம்மது சுற்றி வளைக்கவில்லை. "தப்பு நடந்துருச்சும்மா. நீ எடுக்கல. வெட்டுற கடைலதான் வெளிய போயிருக்கு. நான் விசாரிக்காம உன்னய அனுப்புனேன். மன்னிச்சுக்க."

"சரி சார்" என்றாள் அவள்.

 சத்யப்பிரியா வாய் திறந்தபோது, தயாரித்து வைத்திருந்ததெல்லாம் போய் வேறொன்று வந்தது. "நான்தான் சொன்னேன் கவி. அன்னைக்கி ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னது பொய்யி."

"தெரியும்க்கா."

"எதுக்குப் பழகுறன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுல டெஸ்ட்டு வச்சாக. ஷீட் மெட்டல் மாடல் ஒண்ண முதல்ல இருந்து வரஞ்சு காட்டணும். நம்ம பட்டறையில அந்தப் பொட்டிதான் கஷ்டமான வேல. அதப் பாத்துப் பழகுனேன். வேற எடத்துக்குப் போகப் பாக்குறேன்னு முதலாளிட்ட நின்னு எப்பிடிச் சொல்றது?" அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "டெஸ்ட்டு பாஸாயிட்டேன். பட்டறைக்குப் போன் பண்ணி விசாரிச்சிட்டுச் சொல்றோம்னாக. அப்பறம் அவுக கூப்பிடவே இல்ல."

 வேல்சாமி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு சத்யப்பிரியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் போன எடுத்தது நான்தான்" என்றாள் சத்யப்பிரியா.

 அவள் செல்போனை நீட்டினாள். "அவுக நம்பரக் குடு. ஒன் முன்னாடியே பேசுறேன்."

கவிப்ரியா தயங்கினாள். பிறகு உள்ளே போய்த் தன் செல்போனை எடுத்து வந்து எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். அதே பெண் குரல். சத்யப்பிரியா தன் பேரைச் சொல்லி, அன்று சொன்னது தவறான தகவல், ஃபைலை வெளியே விட்டது கவிப்ரியா அல்ல, அனுப்பியது நான், பழியை அவள்மேல் போட்டதும் நான் என்று சொன்னாள்.  அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டார்கள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, அடுத்து இடம் வரும்போது பார்க்கிறோம், எழுத்தில் ஒரு மெயில் போடுங்கள் என்றார்கள்.

"போட்டுர்றேன்" என்று வைத்தாள். கவிப்ரியா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"வெட்டுற கடைலதான் போச்சுன்னு எப்பிடிக் கண்டுபிடிச்சீக?" என்று மட்டும் கேட்டாள்.

"நாக்கெல்லாம் ஒரே பக்கம் கெடக்கு. கீழ."

"எல்லாமேவா?" கவிப்ரியா நிலைப்படியை விட்டு நிமிர்ந்தாள். "அதான். எங்கம்மா வேல பாக்குற காட்டுல அந்தப் பொட்டிதான் வாங்கியிருக்காக. ஒரு பக்கம் கருகிப்போவுதுன்னு தெனம் அங்கன ஏச்சு. வெறகு போடத் தெரியலன்னு எங்கம்மாவையில்ல ஏசுறாக."

உள்ளே போய்த் தகப்பனின் குறடு ஒன்றை எடுத்துவந்தாள். "கார்ல இன்னொரு குறடு இருக்கா சார்?"

காடு பக்கத்தில்தான். காரிலேயே போனார்கள். களத்து ஓரம் வேப்பமர நிழலில் அந்தப் பச்சைப் பெட்டி நின்றது. கவிப்ரியாவின் அம்மா பூமயில் அடுப்பு அணைந்த சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். மகள் பெட்டியைத் திறந்து தட்டுகளை உருவுவதைப் பார்த்து, "ஏத்தா, காட்டுக்காரரு வைவாரு" என்று பதறினாள்.

காருக்குள் இருந்த நாகநாதன் இதைப் பார்த்ததும் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"என்ன செய்யப் போறீக? அத ஏன் சரி பண்ணுறீக? களவாண்டு செஞ்சது கருகிப் போகட்டும். அப்பத்தான ஒருத்தனும் வாங்க மாட்டான்?"

கவிப்ரியா நிமிர்ந்தாள். "பொட்டி அவுக களவாண்டது. காயிற மிளகா எங்கம்மா பறிச்சது."

நாகநாதன் பூமயிலைப் பார்த்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றாள்.

காரிலிருந்து எடுத்த இரண்டாவது குறட்டைக் கவிப்ரியா சத்யப்பிரியாவிடம் நீட்டினாள். "அடுப்புப் பக்கம் இருக்குறதுல பாதிய நீங்க பாருங்க. மெதுவா. மெல்லிசுத் தகடு, ஒரு தடவைக்கு மேல மடக்குனா ஒடஞ்சிரும்."

இருவரும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். உள்ளே கருகின மிளகாயின் காரம் மூக்கைப் பிய்த்தது. இருமிக்கொண்டே ஒவ்வொரு நாக்காகப் பிடித்து மேலே திருப்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. நாகநாதன் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு செல்போன் டார்ச்சைப் பிடித்திருந்தார். மன்னிப்பு என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாக்கு பாதியில் நின்றபோது மட்டும், "அது இன்னும் கொஞ்சம் தூக்கணும்" என்றார்.

பூமயில் அடுப்பைப் பற்றவைத்தாள். தூரத்து மூலையில் கவிப்ரியா உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். சூடு வந்தது. தகடு மெல்லிசு என்பதால் முதல் பெட்டி அளவுக்கு வரவில்லை, ஆனாலும் வந்தது.

"திங்கக்கெழமை வாம்மா" என்றார் வாவு முகம்மது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

அவள் திங்கட்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்தாள். எல்லோரும் இருக்கும்போது முதலாளி நடந்ததைச் சொன்னார், சத்யப்பிரியாவும் சொன்னாள். கவிப்ரியா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள். வேலைக்கு வேண்டியதைப் பேசினாள், அதற்கு மேல் இல்லை. ஆவணியில் கோயம்புத்தூரிலிருந்தே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை முதலாளியிடம் நேராகப் போய்ச் சொன்னாள்.

கிளம்புகிற அன்று சத்யப்பிரியாவின் மேசைக்கு வந்து, "போயிட்டு வாரேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. சத்யப்பிரியா எழுந்து நின்றாள். வாசல்வரை கூடப் போகலாமா என்று நினைத்தாள். கவிப்ரியா அதற்குள் சாலையைக் கடந்து பஸ்ஸுக்குக் கையைக் காட்டிவிட்டாள்.